எல்லாருக்கும் உண்டு, எனக்கு மாத்திரம் இல்லை!



கிறிஸ்துவின் இரத்தமாகிய ஊற்றைப் பற்றிய அந்தப் பழைய பாட்டைத் திருவிருந்து ஆராதனையில் நாம் எத்தனை தரம் பாடியிருப்போம்! எங்க அம்மா அதைப் பாடும்போதெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எப்பேர்ப்பட்ட பாவியும் அந்த ஊற்றில் கழுவப்படலாம் என்று சாட்சி சொல்கிற பாட்டு அது. அதை இங்கிலீஷில் எழுதினவர் வில்லியம் கூப்பர். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் அந்தப் பெயரைப் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினேன், அவ்வளவுதான். அவர் எப்படி ஜீவித்தார் என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் வாசித்தேன். வாசித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் தெரியுமா? அந்தப் பாட்டை எழுதின மனிதரே, தம்முடைய கடைசி 27 வருஷமும், அந்த ஊற்று எல்லாருக்கும் உண்டு, எனக்கு மாத்திரம் இல்லை என்று நம்பிக்கொண்டே இருந்தார்.

தேவ பிள்ளைகளே, இந்த மாதம் அவருடைய வாழ்க்கையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இது முடிவில் எல்லாம் சரியாகிப் போன சாட்சி அல்ல. ஆனாலும் நம்ம சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போகிற சிலருக்கு இது தேவை. அவர்களைவிட அதிகமாய் அவர்களுக்கு ஆலோசனை சொல்லுகிற நமக்குத் தேவை.

சிறு பிள்ளையின் பயம்

வில்லியம் கூப்பர் 1731-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இங்கிலாந்தில் பெர்காம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு குருவானவரின் வீட்டில் பிறந்தார். அந்த வீட்டில் பிறந்த ஏழு பிள்ளைகளில் இரண்டு பேர்தான் பிழைத்தார்கள். 1737-இல் தம்பி ஜான் பிறந்த கொஞ்ச நாளில் தாயும் மரித்துப்போனார்கள். கூப்பருக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1790-இல், உறவுக்காரப் பெண் ஒருவர் அந்தத் தாயின் படத்தை அனுப்பினபோது, வயதான அந்த மனிதர் அதைப் பார்த்து உருகி ஒரு பெரிய கவிதையே எழுதினார். அந்தக் காயம் அவ்வளவு ஆழம்!

தாய் இறந்த பிறகு சிறுவனைத் தங்கிப் படிக்கிற பள்ளிக்கு அனுப்பினார்கள. அங்கே பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இவரைத் தினமும் கொடுமைப்படுத்தினான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் இவருக்குத் தைரியம் இல்லை. அவன் ஷூவில் இருந்த பக்கிளை வைத்துத்தான் அவனை அடையாளம் தெரியுமாம். பாருங்க, தலை குனிந்தபடியே உலகத்தைப் பார்க்கப் பழகிவிட்ட ஒரு பிள்ளை!

தாயை இழந்த எல்லாரும், அடிபட்ட எல்லாரும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாவதில்லை. பிறவிச் சுபாவம், பரம்பரை, உடம்பின் நிலை, இழப்பு, தனிமை என்று பல காரணங்கள் சேர்ந்துதான் அது வருகிறது. ஆனால் வந்த நோயை நாளுக்கு நாள் வளர்க்கிற ஒரு காரியம் உண்டு. அது நினைவு. கூப்பருடைய வாழ்க்கையில் அதைக் கண்ணாடியில் பார்க்கிறதுபோல் பார்க்கலாம்.

ஒரு பரீட்சை

கூப்பர் சட்டம் படித்து 1754-இல் வக்கீலானார். மாமன் மகளாகிலும் சித்தப்பா மகளாகிலும் மணம் செய்வது அங்கே உண்டு. இவர் தம் சித்தப்பா மகள் தியோடோராவை விரும்பினார். பெண்ணின் தகப்பனார் சம்மதிக்கவில்லை. அந்த நாட்களிலேயே ஒருமுறை மனம் கறுத்துப்போய்ப் பல மாதம் கஷ்டப்பட்டிருந்தார்.

பிறகு 1763-இல் உறவினர் ஒருவரின் தயவால் பிரபுக்கள் சபையில் ஒரு நல்ல வேலை கிடைக்கிறதாயிருந்தது. எதிர்ப்புக் கிளம்பினதால், சபைக்கு முன்பாக நின்று பதில் சொல்லித் தகுதியைக் காட்ட வேண்டும் என்றார்கள். ஒரு பரீட்சை, அவ்வளவுதான். நம்ம பிள்ளைகள் எத்தனை இன்டர்வியூவுக்குப் போகிறார்கள்! ஆனால் கூப்பருக்கோ அது மரணமாகத் தெரிந்தது. ஆறு மாதத்துக்கு மேல் அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேடுகளைப் புரட்டினார். கண் வாசித்தது, மனதில் ஒரு எழுத்தும் ஏறவில்லை. தோற்றுப்போவேன், எல்லார் முன்பாகவும் அவமானப்படுவேன் என்று பரீட்சைக்கு முன்னமே தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

காப்பிக் கடையில் செய்தித்தாளை விரித்தார். அதில் வந்த ஏதோ ஒரு கடிதம் தம்மைப் பரியாசம்பண்ணத்தான் எழுதப்பட்டது என்று நிச்சயித்தார். பிற்பாடு தெருவில் ஒருவன் பாட்டு விற்றுக்கொண்டு போனான். அதுவும் தம்மைப் பற்றின பாட்டுத்தான் என்று நினைத்து ஒரு பிரதி வாங்கினார்! பரீட்சை நாள் நெருங்கினபோது பாரம் தாங்கமாட்டாமல் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். கர்த்தர் தம்முடைய இரக்கத்தால் காப்பாற்றினார். பரீட்சையும் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்று ஆயிற்று. இனி நிம்மதிதானே என்று நாம் நினைப்போம். இல்லை! இப்போது நினைவு வேறு வேஷம் போட்டுக்கொண்டது. நீ செய்தது மன்னிப்பே இல்லாத பாவம் என்று சொல்ல ஆரம்பித்தது. வேதத்தில் கனி கொடாத அத்திமரத்தைப் பற்றி வாசித்தபோது, ஆண்டவர் அந்த மரத்தைச் சபிக்கையில் என்னைத்தான் மனதில் வைத்திருந்தார் என்று அவர் உறுதியாய் நம்பினார்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் பிலடெல்பியா பட்டணத்தில் மனச்சோர்வுள்ளவர்களைக் கவனித்து, ஒரு காரியத்தைக் கண்டுபிடித்தார். அவர்களுக்குள்ளே சில நினைவுகள் கூப்பிடாமலே வந்து போகின்றன. நான் உதவாதவன், என்னைச் சுற்றி ஒன்றும் சரியில்லை, இனியும் ஒன்றும் விடியாது என்று மூன்று பக்கமும் அடைக்கிற நினைவுகள். நோயாளி அவைகளை நினைவு என்றே எண்ணுவதில்லை. கண்ணால் கண்ட உண்மை என்று எண்ணுகிறார். அந்த நினைவினால் சோர்வு வருகிறது, சோர்வினால் ஜனங்களை விட்டு விலகுகிறார், விலகித் தனியே இருக்கும்போது அதே நினைவை மாடு அசைபோடுகிறதுபோல் அசைபோடுகிறார். சோர்வு இன்னும் கூடுகிறது. செக்கு மாடு சுற்றுகிற மாதிரிதான்.

பெக் பிறப்பதற்கு ஏறக்குறைய 160 வருஷத்துக்கு முன்னமே கூப்பர் அந்தச் செக்கைச் சுற்றினார். நடக்காததை நடந்துவிட்டதாய்த் தீர்ப்பது, யாரோ யாருக்கோ சொன்னதைத் தன் தலையில் போட்டுக்கொள்வது, ஒரு விழுதலை முழு வாழ்க்கையாக எண்ணுவது, கண்டன வசனத்தை மாத்திரம் தனக்கென்று எடுத்துக்கொள்வது. இவைகளில் ஒன்றாவது நமக்குத் தெரியாததா, சொல்லுங்க!

தோட்டத்து பெஞ்சில் ஒரு வேதாகமம்

1763 டிசம்பரில் அவரை செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊருக்கு அழைத்துப்போனார்கள். மனநோயாளிகளுக்கென்று டாக்டர் நத்தானியேல் காட்டன் அங்கே ஒரு சிறிய மருத்துவ இல்லம் நடத்திவந்தார். தெய்வபயமுள்ள வைத்தியர். அந்தக் காலத்தில் பைத்தியம் என்று சொல்லப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டி அடித்த இடங்கள் இருந்தன. இவரோ அன்பாய் நடத்தினார்.

மாதங்கள் ஓடின. 1764 ஜூலையில் தம்பி ஜான் பார்க்க வந்தார். அண்ணன் தன் ஆக்கினையைப் பற்றியே பேச, அதெல்லாம் வெறும் மனமயக்கம் என்று தம்பி அடித்துச் சொன்னார். அன்றைக்குத்தான் கூப்பருடைய மனதில் சின்னதாய் ஒரு சந்தேகம் வந்தது. நான் இவ்வளவு நாள் உண்மை என்று நம்பினது ஒருவேளை உண்மை இல்லையோ? அவ்வளவு சிறிய ஓட்டை வழியாகத்தான் வெளிச்சம் நுழைந்தது. தோட்டத்து பெஞ்சின்மேல் ஒரு வேதாகமம் கிடந்தது. திறந்தார், லாசருவை எழுப்பின அதிகாரம்! பிறகு ஒருநாள் ரோமர் 3:25 கண்ணில் பட்டது. கிறிஸ்துவின் இரத்தம் தனக்கும் போதும் என்று அந்த இடத்திலேயே விசுவாசித்தார். கண்ணீரும் சந்தோஷமும் பொங்கிவிட்டது. அல்லேலூயா!

ஆனால் மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடவில்லை. இன்னும் ஏறக்குறைய ஒரு வருஷம் அதே வைத்தியரின் பராமரிப்பில் இருந்து, 1765 ஜூனில்தான் வெளியே வந்தார். கர்த்தர் வசனத்தையும் உபயோகித்தார், வைத்தியரையும் உபயோகித்தார், தம்பியின் வார்த்தையையும் உபயோகித்தார். ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ளவில்லை.

ஒரு சொப்பனம்

அதன்பின் ஹண்டிங்டன் ஊரில் அன்வின் என்ற குருவானவரின் குடும்பம் அவரைச் சொந்தப் பிள்ளைபோல் சேர்த்துக்கொண்டது. 1767-இல் அந்தக் குருவானவர் குதிரையிலிருந்து விழுந்து மரித்தபோது, அவருடைய மனைவி மேரி அன்வினும் கூப்பரும் ஓல்னி என்ற ஊருக்குக் குடிவந்தார்கள். அங்கே ஊழியராயிருந்தவர் யார் தெரியுமா? அடிமைக் கப்பலில் கேப்டனாயிருந்து இரட்சிக்கப்பட்ட ஜான் நியூட்டன்! இருவரும் உயிர் நண்பர்களானார்கள். சேர்ந்து ஏழைகளைச் சந்தித்தார்கள். ஜெபக்கூட்டங்களில் கூப்பர் ஜெபித்தார். அந்தக் கூட்டங்களுக்காகவே இருவரும் எழுதின பாட்டுகள் 1779-இல் புஸ்தகமாய் வந்தன. மொத்தம் 348 பாட்டுகள், அதில் அறுபதுக்கு மேல் கூப்பருடையவை.

ஆனால் புஸ்தகம் வருமுன்னே இருட்டு வந்துவிட்டது. 1770-இல் தம்பி ஜான் மரித்தார். 1773 ஜனவரியில் பழைய நோய் திரும்பிற்று. அடுத்த மாதம் ஒருநாள் சொப்பனத்தில், உன் கதை முடிந்தது, நீ கெட்டுப்போனாய் என்று ஒரு சத்தம் தனக்குச் சொன்னதாக உணர்ந்தார். ஆபிரகாமிடம் ஈசாக்கைக் கேட்டதுபோல் தேவன் தன்னிடம் தன் உயிரையே பலியாகக் கேட்கிறார் என்ற பயங்கரமான எண்ணம் அவரைப் பிடித்தது. அந்த வருஷம் மறுபடியும் உயிரை மாய்க்க முயன்றார். பிழைத்துக்கொண்டபோது, கீழ்ப்படியத் தவறினேன், ஆகவே என்றென்றைக்கும் தள்ளப்பட்டேன் என்று முடிவுகட்டினார்.

இதைக் கவனியுங்கள். கூப்பர் வேதத்தைப் பொய் என்று சொல்லவில்லை. தேவன் அன்புள்ளவர், இரத்தம் சுத்திகரிக்கும், எல்லாம் மெய் என்றார். ஆனால் என் கேஸ் வேறே என்றார்! வக்கீல் அல்லவா, எந்த வசனத்தை எடுத்துக் காட்டினாலும் அது மற்றவர்களுக்கு, எனக்குப் பொருந்தாது என்று வாதாடி ஜெயித்தார். ஆலயத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். சத்தம் போட்டு வந்த சொப்பனத்தைத் தேவ சத்தம் என்று நம்பினவர், அமைதியாய்ப் பக்கத்தில் நின்ற சிநேகிதரின் அன்பைத் தேவனுடைய பதில் என்று நம்பக்கூடாமற்போயிற்று.

மூன்று முயல்கள்

நியூட்டன் என்ன செய்தார்? 1773 ஏப்ரல் முதல் ஒரு வருஷத்துக்கு மேல் கூப்பரையும் மேரி அன்வினையும் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். விசுவாசம் இல்லை என்று திட்டவில்லை. சபைக்கு வராதவன் என்று பெயரை வெட்டவில்லை. கூட இருந்தார்.

கொஞ்சம் தெளிந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முயல் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கூப்பர் மூன்று முயல்களை வளர்த்தார். தம் கையாலேயே அவைகளுக்குக் கூண்டு செய்தார். ஒன்று வியாதிப்பட்டபோது பிள்ளைபோல் பராமரித்தார். சுகமானதும் அது அவர் கையை விரல் விரலாய் நக்கிற்றாம். தச்சு வேலை செய்தார், தோட்டம் போட்டார், வெள்ளரிக்காய் விளைவித்தார். கைக்கு வேலை இருந்தபோது நினைவின் செக்கு கொஞ்சம் நின்றது. பிறகு மேரி அன்வினின் தூண்டுதலால் கவிதை எழுத ஆரம்பித்தார். 1785-இல் வந்த பெரிய கவிதை நூலால் இங்கிலாந்து முழுதும் பெயர் பெற்றார். 1788-இல் அடிமை வியாபாரத்துக்கு விரோதமாகப் பாட்டுகள் எழுதினார். ஓல்னியில் லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகளுக்கு, தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற ஒரு செல்வந்தரின் பணத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார். தள்ளப்பட்டவன் என்று தன்னை எண்ணினவரால் எத்தனை பேருக்கு ஆசீர்வாதம், பார்த்தீர்களா!

ஆனாலும் ஜனவரி மாதம் வந்தாலே அவருக்கு நடுக்கம். 1787 ஜனவரியில் நோய் மறுபடியும் தாக்கிற்று. பக்கவாதத்தால் விழுந்த மேரி அன்வினைத் தாமே பராமரித்தார். 1796 டிசம்பரில் அந்த அம்மாள் மரித்தபின் கடைசி ஊன்றுகோலும் போயிற்று. 1799-இல் அவர் எழுதின கவிதைகளில் ஒன்று, கப்பலிலிருந்து கடலில் விழுந்து காப்பாற்றுவாரின்றி மூழ்கின மாலுமியைப் பற்றியது. 1800 ஏப்ரல் 25-ஆம் தேதி, 68-ஆம் வயதில், ஈஸ்ட் டெரகம் என்ற ஊரில் மரித்தார். கடைசிவரை கூட இருந்த உறவினர் ஜான்சன், மரித்தபின் அந்த முகத்தில் அமைதியும் ஒரு பரிசுத்தமான வியப்பும் கலந்திருந்ததாக எழுதிவைத்தார். எதைக் கண்டு வியந்தாரோ, அது கர்த்தருக்கும் அவருக்கும் உள்ளது.

என் தவறு

இப்போது என் காரியத்தைச் சொல்லுகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு சகோதரி என்னிடம் வந்து, பாஸ்டர், ஜெபம் கூரையைத் தாண்டிப் போகமாட்டேங்குது, ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டார் என்று அழுதார்கள். சந்தோஷமாயிருக்கிறது விசுவாசியின் கடமை என்று பிரசங்கம் பண்ணி அனுப்பினேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை அவர்கள் விட்டுவிட்டேன் என்று சொன்னபோது, நான் ஸ்தோத்திரம் என்று சொன்னேன். இரண்டு மாதத்தில் நிலைமை மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போய்ப் பார்த்தபோது, பாஸ்டர் சொன்னபடி சந்தோஷப்பட முடியலை, அதனால் நான் நிச்சயமா நரகத்துக்குத்தான் என்றார்கள். என் பிரசங்கமே அந்தச் செக்குக்கு இன்னொரு மாடாகிவிட்டது! அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கு அந்தச் சகோதரி மாத்திரையும் சாப்பிடுகிறார்கள், ஆராதனைக்கும் வருகிறார்கள். கர்த்தருக்கே மகிமை!

நமக்குப் பாடம்

முதலாவது, மனதில் வருகிற ஒவ்வொரு நினைவும் தேவனுடைய சத்தம் அல்ல, உண்மையும் அல்ல. எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே சாகக் கேட்டார், பிறகு நான் ஒருவன்தான் மீதி என்றும் சொன்னார். கர்த்தர் திட்டினாரா? முதலில் தூக்கமும் அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். பிறகுதான் கணக்கைச் சொன்னார்: 7000 பேர் இருக்கிறார்கள்! 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். எனக்கு மாத்திரம் இல்லை என்று மனம் சொன்னால், இதற்குச் சாட்சி என்ன, இதே காரியம் என் சிநேகிதனுக்கு நடந்திருந்தால் அவனுக்கு நான் என்ன சொல்லுவேன் என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அந்த நினைவைப் பேப்பரில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, தனியே உட்கார்ந்து அசைபோடாதேயுங்கள். எழுந்து கைக்கு ஒரு வேலை கொடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், கொஞ்ச தூரம் நடங்கள். சிறிய காரியந்தான், ஆனால் அதற்கும் பலன் உண்டு.

மூன்றாவது, வைத்தியத்தை அற்பமாய் எண்ணாதேயுங்கள். கூப்பருடைய காலத்தில் இல்லாத மருந்தும், நினைவுகளைத் திருத்தப் பழக்குகிற ஆலோசனை முறையும் இன்றைக்கு உண்டு. மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒருமணி நேரமும் மறைத்து வைக்காதேயுங்கள். வீட்டாரிடமோ என்னிடமோ சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நான்காவது, சோர்ந்தவர்களிடம் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதேயுங்கள். நியூட்டனைப்போல் கூட இருங்கள். ஒரு வேளை சாப்பாடு கொண்டுபோங்கள். நாளைக்கும் வருவேன் என்று சொல்லி, சொன்னபடி போங்கள்.

கூப்பர் தன் நினைவை நம்பினார், அது பொய். அவர் எழுதின பாட்டோ மெய். அடுத்த திருவிருந்தில் அதைப் பாடும்போது, பக்கத்தில் வாயைத் திறக்காமல் நிற்கிறவர் யார் என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அவருக்கும் சேர்த்து நீங்கள் பாடுங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்